பொதுக் கழிப்பறையில் பயப்பட வேண்டியது எதற்கு?

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி வரை ஓடும் புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. ஏறத்தாழ 48 கிலோமீட்டர். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நின்று நின்று போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். திருவள்ளூர் மார்க்கத்து மின்சார ரயிலிலும் இதே நிலைதான். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் நேரம், ஸ்டேஷனிலிருந்து சிப்காட்டுக்கு ஷேர் ஆட்டோவிலோ கம்பெனி பஸ்ஸிலோ போகும் நேரம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு பெண் அடுத்த கழிப்பறையைப் பார்க்க இரண்டரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த அடுத்த கழிப்பறை எப்படி இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்: காலையில் தண்ணீர் குடிப்பதில்லை.

இந்தப் பகுதி மஹல்லாக்களில் மஸ்அலா கேட்டு வரும் சகோதரிகளின் கேள்விகளைக் கவனித்தால் இது விளங்கும். "ஹஜ்ரத், கம்பெனி பாத்ரூமில் தரையெல்லாம் ஈரம். புர்கா ஓரம் நனைந்துவிட்டது. அதோடு தொழலாமா?" என்று ஒருவர். "வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் கெட்ட வியாதி ஒட்டிக்கொள்ளுமாமே?" என்று இன்னொருவர். "லுஹருக்கு ஒளு எடுக்க அங்கே போகவே அருவருப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து களா செய்துகொள்ளலாமா?" என்று மூன்றாமவர். கேள்வி மூன்றாக இருந்தாலும் அடியில் இருக்கும் பயம் ஒன்றுதான். சுத்தத்தைப் பேணும் பெண்களுக்குத்தான் இந்தப் பயம் அதிகம். ஆனால் அந்தப் பயம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. பயப்படத் தேவையில்லாத ஒன்றுக்குப் பயந்து, உண்மையில் ஆபத்தான ஒன்றைத் தினமும் செய்துகொண்டிருக்கிறோம்.

உட்காரும் சீட்டும் ஒட்டிக்கொள்ளும் வியாதியும்

முதலில் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுவோம். எச்.ஐ.வி. கழிப்பறை சீட்டிலிருந்து தொற்றாது. மேகநோய், வெட்டை நோய் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் சிஃபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களின் கிருமிகளும் மனித உடலுக்கு வெளியே, காய்ந்த பிளாஸ்டிக்கின் மேலும் பீங்கானின் மேலும் நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பவை அல்ல. தொடையின் பின்பக்கத் தோல் புண்ணில்லாமல் இருந்தால் அதுவே நல்ல மதில். நம் ரப்பு தந்த உறை அது.

இதைத் திட்டவட்டமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் யாருக்காவது அப்படியொரு நோய் இருப்பதாக டாக்டர் சொன்னால், "பொதுக் கழிப்பறையில் ஒட்டிக்கொண்டது" என்று சொல்லி விஷயத்தை மூடிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படி மூடினால் கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டு, மற்றவரிடமிருந்து திரும்பவும் நோயை வாங்கிக்கொள்வார். இதற்கு நேர் எதிரான அநியாயமும் நடக்கிறது. புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கடுப்பு என்றால் மாமியார் வீட்டில் ஒரு மாதிரியான பார்வை வருகிறது. சிறுநீர்ப் பாதைத் தொற்று பால்வினை நோய் அல்ல. கல்யாணமாகாத பெண்ணுக்கும் வரும், எழுபது வயதுப் பாட்டிக்கும் வரும், பள்ளிக்கூடம் போகும் சிறுமிக்கும் வரும். அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

சீட்டுக்குப் பயந்து பல பெண்கள் உட்காராமல், முழங்காலை மடக்கி அந்தரத்தில் நின்றபடியே சிறுநீர் கழிக்கிறார்கள். அந்த நிலையில் இடுப்புக்கு அடியில் உள்ள தசைகள் முழுவதுமாகத் தளர்வதில்லை. பை முழுமையாகக் காலியாகாமல் கொஞ்சம் மிச்சம் தங்கிவிடும். சீட்டின் மேல் செருப்புக் காலோடு ஏறிக் குந்துவது இன்னும் மோசம். பீங்கான் உடைந்து ஆழமாக வெட்டும் ஆபத்து உண்டு, அடுத்து வருபவருக்குச் சேறும் மிஞ்சும். சீட்டு ஈரமாக இருந்தால் ஒரு டிஷ்யூவால் துடைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மறுபடி துடைத்து, நிம்மதியாக உட்காருங்கள். குந்தி உட்காரும் நம் ஊர்க் கழிப்பறை கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

அடக்கி வைப்பதுதான் ஆபத்து

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருவோம். சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ கோலை என்ற பாக்டீரியா. அது கம்பெனி கழிப்பறையிலிருந்து வருவதில்லை. நம் ஒவ்வொருவரின் குடலிலும் அது எப்போதும் குடியிருக்கிறது, அங்கே இருக்கும்வரை தொந்தரவு தருவதும் இல்லை. மலத்துவாரத்தின் அருகிலிருந்து முன்பக்கம் நகர்ந்து, சிறுநீர்க் குழாய் வழியாக மேலே ஏறினால்தான் பிரச்சினை. ஆணுக்கு அந்தக் குழாய் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கு 4 சென்டிமீட்டர்தான். பெண்களுக்கு இந்தத் தொற்று அதிகம் வருவதன் முக்கியக் காரணம் இந்த அளவு வித்தியாசம்தான்.

ஏறி வரும் கிருமியைத் தடுக்க உடலிடம் இருக்கும் முதல் ஆயுதம் சிறுநீரின் ஓட்டம். நன்றாகத் தண்ணீர் குடித்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்வந்தால் ஏறியதெல்லாம் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும். தண்ணீர் குடிக்காமல், வருவதையும் அடக்கி வைத்தால்? கிருமி பெருகுவதற்கு நாமே அவகாசம் கொடுக்கிறோம். உருக்காலைகளின் சூட்டில் வேலை பார்க்கும் ஆண்களுக்கும் இது பொருந்தும். வியர்வையில் தண்ணீர் போய், குடிப்பதும் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி மஞ்சளாக இறங்கும். கல் உருவாகவும் அதுவே வழி. சிறுநீரின் நிறம் இளமஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது எந்த லேபும் தேவைப்படாத பரிசோதனை.

கர்ப்பிணிகள் இதில் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள். கர்ப்ப காலத்தில் சிறுநீர்ப் பாதை தளர்ந்து, ஓட்டம் மந்தமாகிறது. தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் குறைமாதப் பிரசவம் வரைக்கும் கொண்டுபோய்விடும். எரிச்சலே இல்லாமல்கூடக் கர்ப்பிணிக்குத் தொற்று இருக்கலாம் என்பதால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் இந்தத் தொற்று எளிதில் வரும், எளிதில் போகாது.

எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, போனால் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்றில் கடுப்பு, கலங்கல் அல்லது இரத்தம் கலந்த சிறுநீர். இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். குளிர்க்காய்ச்சலும் விலாவின் பின்புறம் வலியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே வந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் அறிகுறியைச் சொல்லி இரண்டு நாள் மாத்திரை வாங்கி விழுங்குவது, எரிச்சல் நின்றதும் நிறுத்துவது என்ற பழக்கம் நம் ஊரில் வேரூன்றிக் கிடக்கிறது. சாகாமல் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறும். அடுத்த முறை அதே மாத்திரை வேலை செய்யாது.

அடக்கி வைப்பது பற்றி மார்க்கத்திலும் தெளிவான வழிகாட்டுதல் இருக்கிறது. உணவு முன்னால் இருக்கும்போதும், மலஜலத்தை அடக்கிக்கொண்ட நிலையிலும் தொழ வேண்டாம் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஒளு முறிந்துவிடக் கூடாது என்பதற்காக அஸர் வரை அடக்கிக்கொண்டே தொழுபவர்கள் நம்மில் ஏராளம். பேணுதல் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் நபி (ஸல்) அவர்கள் காட்டிய முறை போய்வந்து, புதிதாக ஒளு எடுத்து, மன அமைதியோடு தொழுவதுதான். மேலே மூன்றாவதாகக் கேட்ட சகோதரிக்கும் இதுவே பதில்: அருவருப்புக்காகத் தொழுகையை நேரம் தவறவிட முடியாது, சிறுநீரையும் அடக்க வேண்டாம். கழிப்பறையை எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொண்டால் இரண்டு சிரமமும் தீரும்.

கையும் மக்கும்

பொதுக் கழிப்பறையிலிருந்து உண்மையாகவே நோய் வருகிறது. அது வருகிற வழி கை. டைபாய்டு, காலரா, சீதபேதி, மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெபடைடிஸ் ஏ, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு ஆகியவற்றின் கிருமிகள் மலத்தில் வெளியேறி, இன்னொருவரின் வாய்க்குள் போய்ச் சேர்கின்றன. நடுவில் பாலமாக இருப்பது தண்ணீர், ஈ, உணவு, எல்லாவற்றுக்கும் மேலாக மனிதனின் விரல்.

ஒரு சாதாரண கழிப்பறையை மனதில் கொண்டுவாருங்கள். தரையில் ஒரு பக்கெட். அதற்குள் மிதக்கும் மக். முன்னே போனவர் மக்கை ஈரத் தரையில் வைத்தார், பிறகு அதையே பக்கெட்டுக்குள் முக்கினார். இப்போது பக்கெட் தண்ணீர் முழுவதும் தரையின் தண்ணீர்தான். அவர் கழுவிய கையாலேயே குழாயைத் திறந்தார், மூடினார், தாழ்ப்பாளை நீக்கினார். நாம் உள்ளே போய் அதே தாழ்ப்பாளைப் போடுகிறோம், அதே குழாயைத் திறக்கிறோம். சீட்டைப் பார்த்து முகம் சுளிக்கும் நாம் தாழ்ப்பாளைப் பார்த்துச் சுளிப்பதில்லை! வெளியே வந்து, கையை வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு, பையிலிருக்கும் பிஸ்கட்டைப் பிரித்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம்.

தூக்கத்திலிருந்து எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துக்குள் விடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பாத்திரத்துத் தண்ணீரைப் பொதுச் சொத்தாகக் காக்கச் சொல்லும் ஒழுங்கு அது. அந்த ஒழுங்கின்படி பார்த்தால் நம் கழிப்பறைகளில் மக் பக்கெட்டுக்குள் கிடக்கவே கூடாது. கொக்கியில் தொங்க வேண்டும். பக்கெட்டில் தேங்கிய தண்ணீரைவிட நேராகக் குழாயிலிருந்து மக்கில் பிடித்த தண்ணீர் நல்லது. ஹெல்த் ஃபாசெட் இருந்தால் முதலில் அதைக் கழிப்பறைக்குள்ளேயே இரண்டு விநாடி பீய்ச்சிவிட்டு, பிறகு பயன்படுத்துங்கள். பெண்கள் முன்னிருந்து பின்னாகவே கழுவ வேண்டும். பெண் குழந்தைக்குக் கழுவிவிடும் தாயும் அப்படியே பழக்க வேண்டும். பின்னிருந்து முன்னாக ஒரு தடவை கை வந்தாலும் மேலே சொன்ன ஈ கோலை இடம் மாறிவிடும். கழுவிய பின் டிஷ்யூவாலோ சிறு துணியாலோ ஒற்றி எடுப்பது நல்லது. ஈரத்தோடு பன்னிரண்டு மணி நேரம் இறுக்கமான உடையில் இருந்தால் அரிப்பும் பூஞ்சையும் தொடரும்.

பிறகு சோப்பு. கையின் முன்னும் பின்னும், விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். "பொதுச் சோப்பு எல்லோரும் தொட்டது, அதைத் தொடமாட்டேன்" என்பவர்கள் உண்டு. சோப்பைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுத் தேய்த்தால் போதும். அதன் மேல் இருப்பது நுரையோடு ஓடிவிடும். சோப்பே இல்லாமல் வருவதைவிட அது எவ்வளவோ மேல். சானிடைசர் அவசரத்துக்கு உதவும். அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது, வயிற்றுப்போக்கு வைரஸ்கள் சிலவற்றை அது கொல்வதும் இல்லை. ஆல்கஹால் கலந்ததாயிற்றே என்று தயங்குபவர்களுக்கு: வெளியே பூசிக்கொள்ளும் இந்த வகைக் கிருமிநாசினிகளை இன்றைய உலமாக்களில் பெரும்பாலோர் அனுமதித்திருக்கிறார்கள். கொரோனா காலத்தில் இது விரிவாகப் பேசப்பட்டு முடிந்த விஷயம்.

கழிப்பறையும் சமையலறையும் ஒரே கூரையின் கீழ் கெட்டுப்போனால் என்னவாகும் என்பதை நம் மாவட்டம் 2021 டிசம்பரில் பார்த்தது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் வேலை செய்த பெண்கள், பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் விடுதியில் தங்கியிருந்தார்கள். உணவு ஒவ்வாமல் 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது. ஓர் அறையில் 6 முதல் 30 பேர் வரை தரையில் படுத்ததையும், சில கழிப்பறைகளில் குழாயில் தண்ணீரே வராததையும் தொழிலாளர்கள் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்களின் நோய்க்குக் காரணமாகச் சொல்லப்பட்டது உணவுதான். ஆனால் கழிப்பறையில் தண்ணீர் இல்லாத ஒரு கட்டடத்தில் சமைப்பவரின் கையும் சாப்பிடுபவரின் கையும் எப்படி இருக்கும் என்று கேட்டால் உணவைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதிக் கட்டடங்களை அரசு திறந்தது. ஆயிரக்கணக்கான வீட்டுப் பெண்பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்த பிறகு வந்த விழிப்பு அது. பிள்ளையை கம்பெனி ஹாஸ்டலில் சேர்க்கப் போகும் வாப்பாமார்கள் சம்பளத்தையும் பஸ் வசதியையும் விசாரிக்கிறார்கள். எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, ராத்திரியில் தண்ணீர் வருமா என்றும் கேட்க வேண்டும்.

தாஹிர் வேறு, கிருமியற்றது வேறு

நம்மவர்கள் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஃபிக்ஹின் அளவுகோலும் மருத்துவத்தின் அளவுகோலும் வெவ்வேறு. நஜீஸின் நிறமும் மணமும் சுவையும் நீங்கிவிட்டால் இடம் தாஹிர், தொழுகை கூடும். அது சட்டம். அதே கையில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னால் அதுவும் உண்மை. இரண்டில் ஒன்றை வைத்து மற்றதை மறுக்கத் தேவையில்லை. "ஹவுள் தண்ணீர் பெரிய தண்ணீர், அது நஜீஸாகாது, ஆகவே குடிக்கலாம்" என்பதும் தவறு. "கிருமி இருக்கிறது, ஆகவே ஒளு கூடாது" என்பதும் தவறு. நபி (ஸல்) அவர்கள் இஸ்தின்ஜா செய்த பின் கையை மண்ணில் தேய்த்துக் கழுவியதாக அபூதாவூதில் வருகிறது. தண்ணீரோடு நிறுத்தாமல் தேய்த்தலையும் சேர்த்திருக்கிறார்கள். இன்று அந்த வேலையைச் சோப்பு செய்கிறது.

புர்கா ஓரம் நனைந்த சகோதரிக்கு வருவோம். தரையில் கிடந்தது நஜீஸ்தான் என்று கண்ணால் கண்டோ மணத்தாலோ உறுதியானால் அந்த இடத்தைக் கழுவ வேண்டும். உறுதி இல்லை, "இருக்குமோ" என்ற எண்ணம் மட்டும் என்றால் அது தண்ணீர்தான். சந்தேகத்தால் உறுதி நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. ஹனஃபி மத்ஹபில் ஊசிமுனை அளவுத் தெறிப்புகளுக்கும், ஷாஃபி மத்ஹபில் கண்ணுக்குத் தென்படாத அளவுக்கும் மன்னிப்பு இருக்கிறது. சிறுநீர்த் தெறிப்பில் கவனமில்லாமல் இருப்பது கப்ரு வேதனைக்குக் காரணமாகும் என்ற எச்சரிக்கை உண்மை. அதற்காகக் கற்பனைத் துளிகளைத் தேடி அலைவது வஸ்வாஸ். இப்படியே வளர்ந்து, ஒளுவுக்கு அரைமணி நேரம் நிற்பவர்களும் வெளியூர்ப் பயணத்தையே நிறுத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அது மனநல டாக்டர் சரிசெய்யக்கூடிய நோய், பேணுதல் என்று அதற்குப் பெயர் வைக்க வேண்டாம். நடைமுறையில், உள்ளே போகுமுன் புர்காவையும் பேண்ட் காலையும் தூக்கிச் செருகிக்கொள்ள ஒரு சேஃப்டி பின் போதும்.

தண்ணீரே இல்லாத இடத்தில் டிஷ்யூ பேப்பர், கல்லின் இடத்தில் நின்று இஸ்தின்ஜாவுக்குப் போதுமானது. மூன்று முறையாவது துடைத்து, இடம் சுத்தமாக வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அரை லிட்டர் காலி பாட்டில் ஒன்று கைப்பையில் இருந்தால் எந்தக் கழிப்பறையும் நம்முடையதாகிவிடும். மாதவிடாய் நாட்களில் ஒரு பழைய செய்தித்தாள் தாளும் பிளாஸ்டிக் கவரும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பேடை கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும், அதைக் கையை விட்டு எடுப்பவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. அவரும் ஒருவரின் தாய், ஒருவரின் தந்தை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே பேடை வைத்திருக்க வேண்டிய நிலை வரக் கூடாது என்பதால்தான் கம்பெனிக் கழிப்பறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டி கேட்க வேண்டும் என்கிறோம்.

பள்ளிவாசலின் செருப்பும் துண்டும்

மற்றவர்களின் கழிப்பறையைப் பேசிவிட்டு நம்முடையதை விட்டுவிட்டால் நியாயமாகாது. பல பள்ளிவாசல்களில் கழிப்பறைக்கென்று பொதுச் செருப்பு இருக்கும். எப்போதும் ஈரமாகவே கிடக்கும். சேற்றுப்புண்ணும் படர்தாமரையும் விரும்பும் இடம் அது. சொந்தச் செருப்போடு போகலாம், பொதுச் செருப்பு வேண்டுமென்றால் தினமும் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். ஒளு செய்யும் இடத்தில் ஒரு துண்டு தொங்கும். ஐந்து வேளையும் அதிலேயே முகம் துடைப்பார்கள். மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் அந்தத் துண்டு ஒரு மஹல்லாவுக்கே கண்நோயைக் கொடுத்துவிடும். எடுத்துவிடுங்கள். கைக்குட்டை கொண்டுவரட்டும், இல்லாதவர் காற்றில் காயட்டும்.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாக. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 19ஆம் பிரிவு முழுவதும் கழிப்பறைக்கே ஒதுக்கப்பட்டது. ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனியாக, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாக, எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஏழு நாளைக்கு ஒருமுறையாவது கிருமிநாசினி போட்டு நன்றாகக் கழுவ வேண்டும் என்று அது எழுதிவைத்தது. 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்பது விதிகள் தந்த கணக்கு. கழிப்பறை கேட்பது சலுகை கேட்பதாகாது என்பதைத் தெரிந்துகொள்ளவே இதைச் சொல்கிறோம். தனியாகக் கேட்கத் தயங்கும் பெண்கள் நான்கு பேராகச் சேர்ந்து கேட்கலாம், எழுத்தில் கொடுக்கலாம்.

ஆனால் நெடுஞ்சாலையில் போகும் குடும்பத்துக்கு எந்தச் சட்டம் கைகொடுக்கும்? பழவேற்காட்டுக்கோ, ஆந்திரா பக்கம் சூலூர்பேட்டை, நெல்லூருக்கோ போகிறவர்கள் பெட்ரோல் பங்கையும் ஹோட்டலையும் நம்பியே போகிறார்கள். ஆண்கள் சாலையோரத்தில் ஒதுங்கிவிடுகிறார்கள். மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித்தரும் என்று ஹதீஸ் இருந்தும்தான்! பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. வழியெங்கும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. பலவற்றில் ஆண்களுக்கு ஐந்தாறு கழிப்பறைகள் உண்டு, பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை. வாசலில் கார் நிற்க, உம்மாவும் பிள்ளைகளும் உள்ளேயே உட்கார்ந்திருக்க, வாப்பா மட்டும் இறங்கிப் போய் ஒளு செய்து, தொழுதுவிட்டு வருகிறார். மினாராவுக்கு எல்.இ.டி. விளக்குப் போட வசூல் செய்யும் ஜமாஅத், அந்தக் காருக்குள் இருக்கும் பெண்ணை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். பள்ளிக்கு வெளிப்புறமாகத் தனி வாசலோடு, பெண்களுக்கென்று ஒரு கழிப்பறையும் ஒளு செய்ய ஒரு குழாயும் கட்டுவது எந்த ஜமாஅத்துக்கும் பெரிய செலவு அல்ல. எந்த மதத்துப் பெண் வந்து கேட்டாலும் சாவி கொடுக்கும்படி மோதினாரிடம் சொல்லி வையுங்கள்.

கட்டும்போது சில விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழ வேண்டும். கைப்பையும் புர்காவும் மாட்ட கதவில் உயரமாக ஒரு கொக்கி, மக்குக்கு ஒரு கொக்கி, மூடியுள்ள ஒரு தொட்டி, இரவில் எரியும் ஒரு பல்பு. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குச் சுவரில் ஒரு பிடி. தண்ணீர் தேங்காதபடி தரைக்குச் சரிவு. சோப்பு திருடு போகிறது என்று பல இடங்களில் வைப்பதே இல்லை. பழைய வெங்காய வலைப்பையில் சோப்பைப் போட்டு, குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டால் எடுத்துப் போக மாட்டார்கள், ஈரத்தில் ஊறிக் கரையவும் செய்யாது.